பால்வாடிகா வந்தாச்சு, நாலு கோடு நோட்டை என்ன செய்வது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கேள்வி கேட்டவரின் பொறுப்பில் தமிழ்நாட்டில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியின் கே.ஜி. பிரிவு (புதுப் பெயர் ‘பால்வாடிகா’) இருக்கிறது. ஐந்து டீச்சர், மூன்று ஆயாம்மா, நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். வரும் ஜூனிலிருந்து புது வழிகாட்டுதல்படிதான் எல்லாம் நடக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. டீச்சர்களுக்குப் பயம். பெற்றோருக்கு "அப்போ எழுதவே மாட்டாங்களா?" என்ற கேள்வி. எங்கே தொடங்குவது, எதை விடுவது, இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எந்த ஃபைலைக் காட்டுவது என்று கேட்டிருக்கிறார்.

நான் பதினெட்டு வருஷம் கே.ஜி. வகுப்பில் நின்றவள். இப்போது டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிர்வாகம் ‘புதுசு’ என்று சொல்வது, அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம். 2020 தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக 2022 அக்டோபர் 20 அன்று வெளியானது. இத்தனை வருஷத்தில் பல பள்ளிகளில் மாறியது வாசல் போர்டு மட்டும்தான். எல்.கே.ஜி. இருந்த இடத்தில் ‘பால்வாடிகா 2’ என்று எழுதியிருக்கும், உள்ளே அதே நாலு கோடு நோட்டு இருக்கும். ஆகவே நீங்கள் பின்தங்கிவிட்டதாகக் கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கான பதில். 2020 கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை; 2025 ஆகஸ்டில் தனக்கென்று மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஆனால் அரசுப் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி பழகியதாகத்தான் இருக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டும் பொம்மையுமாக 2022 முதல் அங்கே நடத்துகிறார்கள். அரசியலில் எதிரெதிர் முகாம்களில் நிற்பவர்கள்கூட ஐந்து வயதுப் பிள்ளையை எப்படி நடத்துவது என்று வரும்போது கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

சட்டகம் பெரிய ஆவணம். முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும். டீச்சர்களிடம் அதை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள், மேஜை மேலேயே கிடக்கும். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மூன்று வயது முதல் எட்டு வயது வரை ஒரே நிலை. அதாவது கே.ஜி. மூன்று வருஷமும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பும் சேர்ந்தது. மூன்றிலிருந்து ஆறு வயது வரை பிள்ளைக்கென்று பாடப்புத்தகம் கிடையாது; எளிய பயிற்சித்தாளைத் தேவைப்படும்போது பயன்படுத்தலாம். தேர்வு கிடையாது, பிள்ளையைக் கவனித்தும், அது செய்த வேலையைப் பார்த்தும்தான் மதிப்பிட வேண்டும். கற்பிப்பது முடிந்தவரை வீட்டு மொழியில். விளையாட்டு என்பது பாடம் முடிந்தபின் கொடுக்கும் பரிசாக இல்லாமல் பாடம் நடக்கும் வழியாகவே இருக்க வேண்டும். உடல், மனம், அறிவு, மொழி, கலை என்று ஐந்து வளர்ச்சிப் பகுதிகள். இவற்றோடு நல்ல கற்றல் பழக்கங்களையும் சேர்த்து மொத்தம் 13 இலக்குகள். முதல் வருஷத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. இந்நேரம் உங்கள் பள்ளிக்குப் பதிப்பகப் பிரதிநிதிகள் வரத் தொடங்கியிருப்பார்கள். ‘புதிய கொள்கைப்படி தயாரித்தது’ என்று அட்டையில் அச்சிட்ட ஏழு புத்தகம் கொண்ட செட் ஒன்றைக் காட்டுவார்கள். உள்ளே புரட்டிப் பாருங்கள். புள்ளியை இணை, வண்ணம் தீட்டு, மூன்று முறை எழுது. பழைய பக்கத்துக்குப் புது அட்டை. பாடப்புத்தகமே வேண்டாம் என்று சொல்லும் வழிகாட்டுதலின் பெயரிலேயே ஏழு புத்தகம் விற்கிறார்கள் என்றால் அந்தத் துணிச்சலைப் பாராட்டலாம், வாங்க வேண்டாம். என்.சி.இ.ஆர்.டி. 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ஜாதூயி பிடாரா’ பெட்டியையாவது ஒரு முறை பாருங்கள். பொம்மை, புதிர், கதை அட்டை என்று எப்படித் தொகுத்திருக்கிறார்கள் என்பது பிடிபட்டால், அதே மாதிரி ஒரு பெட்டியை நீங்களே பெரும்பாலும் சும்மா கிடைக்கும் பொருள்களைக் கொண்டு நிரப்பிவிடலாம்.

இப்போது நோட்டு விஷயம். உங்கள் பள்ளியில் யு.கே.ஜி. முடிக்கும்போது பிள்ளை என்னென்ன எழுதுகிறது? நான் போன பள்ளிகளில் பெரும்பாலும் 1 முதல் 100 வரை, சில இடங்களில் அதற்கும் மேலே. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள், தமிழில் உயிரும் மெய்யும். இப்போது, பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் வர வேண்டும் என்று மத்திய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் ஐந்து–ஆறு வயதுக்கு, அதாவது யு.கே.ஜி. முடிவுக்கு, என்ன எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். எழுத்தையும் அதன் ஒலியையும் அடையாளம் தெரிய வேண்டும். இரண்டு மூன்று எழுத்துச் சொற்களை வாசிக்க வேண்டும். 10 வரை எண்களை அடையாளம் கண்டு சொல்ல வேண்டும். பொருள்களை, நிகழ்வுகளை வரிசைப்படுத்தத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். 99 வரை எண்களை வாசித்து எழுதுவது ஒன்றாம் வகுப்பின் இலக்கு. ஒன்றாம் வகுப்பில் வர வேண்டியதை யு.கே.ஜி.யிலேயே, அதுவும் மனப்பாடமாக, முடித்துவிட்டு ‘அட்வான்ஸ்டா போறோம்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மனப்பாடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பையனை மறக்க முடியவில்லை. நூறு வரை மூச்சு விடாமல் சொல்வான், நோட்டிலும் அழகாக எழுதுவான். ஒருநாள் "கண்ணா, ஏழு சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்றேன். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தான். எண்ணிப் பார்த்தால் பதினாறு. "ஏழா இது?" என்றதும் என் முகத்தைப் பார்த்து, பாதியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி நீட்டினான். அவனுக்கு ஏழு என்பது ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வரும் ஒரு சத்தம். நோட்டு அதை என்னிடம் சொல்லவே இல்லை. ஒன்றரை வருஷம் அந்த நோட்டில் நான் ‘குட்’ போட்டிருக்கிறேன்.

எழுத்தை என்ன செய்வது? ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை, தள்ளிப்போடுங்கள் என்கிறேன். பிரி கே.ஜி.யிலும் எல்.கே.ஜி.யின் முதல் பாதியிலும் பென்சில் கொண்டு கோட்டுக்குள் எழுதும் வேலை வேண்டாம். அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை கொடுங்கள். மாவு பிசையட்டும், மணி கோக்கட்டும், துணி க்ளிப்பைக் கயிற்றில் மாட்டி மாட்டிக் கழற்றட்டும், மணல் தட்டில் விரலால் வரையட்டும், பழைய செய்தித்தாளைக் கிழிக்கட்டும். பெரிய சார்ட் தாளும் தடித்த க்ரேயானும் கொடுத்துத் தரையில் உட்கார வைத்தால் அவர்களே கிறுக்குவார்கள். அந்தக் கிறுக்கலைக் காட்டி "இதுல என்ன எழுதியிருக்கே?" என்று கேளுங்கள். ஒரு கதையே சொல்லும். அது சொன்னதைக் கீழே நீங்கள் எழுதி, அதன் முன்னாலேயே படித்துக் காட்டுங்கள். வாயால் சொன்னது தாளில் உட்காரும், தாளில் இருப்பதை மறுபடி வாயால் சொல்லலாம் என்ற அதிசயம் பிள்ளைக்கு அப்போது பிடிபடுகிறது. ‘அ’-வை நாற்பது முறை எழுதினாலும் அது பிடிபடாது.

தமிழ் எழுத்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நம் பள்ளிகள் பிடிவாதமாக இருக்கின்றன. அரிச்சுவடி வரிசைப்படி 12 உயிர், பிறகு 18 மெய், பிறகு 216 உயிர்மெய் என்று போனால், பிள்ளை தன்னால் வாசிக்கக்கூடிய முதல் உருப்படியான சொல்லைச் சந்திக்கவே மாதக்கணக்கு ஆகும். ‘ஔ’ வரை வந்தபின்னும் ‘படம்’ படிக்கத் தெரியாது. சட்டகம் சொல்வது, சில எழுத்துகளை ஒரு கொத்தாக எடுத்து உடனே சொல்லாக்கிக் காட்டு என்பது. தமிழுக்கு இது ரொம்ப நன்றாகப் பொருந்தும். ட, ப, ம மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவம் எளிது, நேர்கோடுகள் அதிகம். புள்ளி வைத்த ம், ட், ப் சேர்ந்ததும் படம், மடம், பட்டம், மட்டம், பட்டப்பட்டம் என்று விளையாடலாம். (கடைசியில் உள்ளது அகராதியில் இல்லை. என் வகுப்புப் பிள்ளை ஒன்று உண்டாக்கியது. அதன் பொருள் ‘ரொம்பப் பெரிய பட்டம்’.) அடுத்து ர, க, த சேர்த்தால் மரம், கரம், தடம், கடகம். இரண்டு வாரத்தில் பிள்ளை ‘நான் படிச்சேன்’ என்று வீட்டில் போய்ச் சொல்லும். பழைய அடிப்படை வாசிப்புப் பயிற்சிகளில் இந்த முறை இருந்ததுதான், புதுசு ஒன்றுமில்லை.

வீட்டு மொழி. இதைத்தான் நிர்வாகம் தொடவே தயங்கும், ‘இங்கிலீஷ் மீடியம்’ என்ற பெயருக்குத்தானே கட்டணம். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கையே அனுப்பிவிட்டது: பிள்ளைகளின் தாய்மொழி என்னென்ன என்று கணக்கெடுங்கள், கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை அந்த மொழியில் கற்பிக்கத் தயாராகுங்கள் என்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அதற்கெல்லாம் ரொம்ப முன்னால் நடந்தது இது. சேர்ந்து மூன்றாவது நாள் ஒரு பெண் பிள்ளை. பாத்ரூம் போக வேண்டும். ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அந்த வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லைச் சொன்னது, மிச்சம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னது. நான் ‘யெஸ், யெஸ்’ என்று ஊக்கப்படுத்திக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை சொல்லும்போது கவுன் நனைந்துவிட்டது. ஆயாம்மா ஓடி வந்து தூக்கிக்கொண்டு போகும்போது என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பில் விதி ஒன்றுதான்: பிள்ளைக்கு வேண்டியதை எந்த மொழியில் கேட்டாலும் கிடைக்கும். கதை, உரையாடல், கணக்குப் பேச்சு எல்லாம் தமிழில் நடக்கும். ஆங்கிலத்துக்குப் பாட்டு, விளையாட்டுக் கட்டளை, படக்கதை என்று தினமும் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தில் ஆங்கிலம் மட்டும், ஆனால் பதில் எந்த மொழியிலும் வரலாம். இதனால் யாருடைய ஆங்கிலமும் கெட்டுப்போகவில்லை. உங்கள் வகுப்பில் தெலுங்கு, சௌராஷ்டிரம், இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அந்த மொழியில் நாலு சொல்லாவது டீச்சர் கற்றுக்கொள்ளட்டும். தண்ணி, வலி, அம்மா, போகணும். இந்த நாலு போதும், பிள்ளை ஒட்டிக்கொள்ளும்.

டீச்சர்களின் பயத்துக்கு வருகிறேன். அவர்கள் பயப்படுவது விளையாட்டு முறையைப் பார்த்து அல்ல. "முப்பது பிள்ளைய ஒரே நேரத்துல விட்டா யாரு மேய்க்கிறது?" என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. நியாயமான கேள்வி. நோட்டு கொடுத்தால் முப்பதும் குனிந்து உட்காரும். நோட்டின் உண்மையான பயன் பல வகுப்புகளில் அதுதான். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் முதல் வாரமே டீச்சர் தொண்டை கட்டிப் போவார், இரண்டாவது வாரம் நோட்டு திரும்பி வந்துவிடும். பல பள்ளிகளில் மாற்றம் தோற்றது இங்கேதான்.

அதனால் ஜூனில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் காலையில் நாற்பது நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நாலு மூலை: கட்டை அடுக்கும் மூலை, சொப்புச் சாமான் மூலை, படப்புத்தக மூலை, கைவேலை மூலை. ஒரு மூலைக்கு ஏழெட்டுப் பிள்ளை. எங்கே போவது என்று பிள்ளையே முடிவு செய்யும். இடம் நிரம்பிவிட்டது என்று தெரிய ஒவ்வொரு மூலையிலும் எட்டு வளையம் தொங்கட்டும். வளையத்தை எடுத்து மாட்டிக்கொண்டால் உள்ளே போகலாம், வளையம் இல்லையென்றால் வேறு மூலை. இந்த ஒரு ஏற்பாடே பாதிச் சண்டையைக் குறைத்துவிடும், கூடவே ஒன்றுக்கொன்று பொருத்தும் கணக்கும் நடந்துவிடும். முதல் பத்து நாள் கூச்சலாக இருக்கும். பிரின்சிபாலிடம் முன்பே சொல்லி வையுங்கள், கதவைத் திறந்து எட்டிப் பார்த்து "என்ன சத்தம்?" என்று கேட்கக் கூடாது. இந்த நாற்பது நிமிஷம் நிலைத்தபின், ஆகஸ்ட் வாக்கில் மற்றதைத் தொடலாம்.

ஆயாம்மாக்களைப் பயிற்சியில் உட்கார வையுங்கள். பெரும்பாலான பள்ளிகள் இதைச் செய்வதில்லை. பிள்ளை சாப்பிடும்போது, கை கழுவும்போது, அழும்போது பக்கத்தில் இருப்பவர் அவர்தான். விடுகதையும் தாளம் போட்ட பாட்டும் எந்த டீச்சரைவிடவும் அவருக்குத்தான் அதிகம் தெரியும். ஒரு சின்ன விஷயம்: எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல் எல்லாம் அருமையான பொருள்கள். ஆனால் பிரி கே.ஜி. பக்கம் கொண்டுபோகாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை மூக்கில் போட்டுக்கொள்வதற்கான பொருள். அவர்களுக்குப் பெரிய மூடி, தேங்காய்ச் சிரட்டை, மரக்கட்டை போதும்.

பெற்றோர். இவர்களிடம் தத்துவம் பேசினால் எடுபடாது. ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் மேடையில் ஏறி மூளை வளர்ச்சி பற்றிப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன், கடைசியில் ஒரு அப்பா எழுந்து, "மேடம், எல்லாம் சரி, ஹோம்வொர்க் எப்போ?" என்றார். அடுத்த வருஷம் மேடையையே விட்டுவிட்டேன். பெற்றோரைச் சின்னச் சின்னக் குழுவாக வகுப்புக்கு வரவழைத்து, பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு வேலை கொடுத்தேன்: பழகாத கையால், நாலு கோட்டுக்குள், தெரியாத ஒரு லிபியில் உள்ள எழுத்தைப் பத்து முறை எழுதுங்கள். மூன்றாவது வரியிலேயே கை வலிக்கிறது என்றார்கள். ஒருவர் தாளை மடித்துவிட்டார். பிறகு மணிக்கட்டு எலும்பைப் பற்றிச் சொன்னேன். அங்கே எட்டுச் சிறு எலும்புகள்; பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் இறுகும், கடைசியாக வரும் பட்டாணி எலும்பு ஒன்பது வயதை ஒட்டித்தான் எலும்பாகத் தொடங்கும். எழுதவே முடியாது என்பதற்கு இது ஆதாரம் ஆகாதுதான், ஆனால் அந்தக் கை இன்னும் கட்டி முடிக்காத வீடு என்பது அவர்களுக்குப் புரிந்தது. அதன்பின் நிபுண் இலக்குகளை ஒரே தாளில் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்தேன். ‘அரசாங்கமே பத்து வரைதான் கேட்குதா?’ என்று ஒரு அம்மா சிரித்துவிட்டார்.

வீட்டு வேலை கேட்பவர்களுக்கு வீட்டு வேலை கொடுங்கள். ‘இன்றைக்குப் பாட்டியிடம் ஒரு விடுகதை கேட்டு வா.’ ‘வீட்டில் எத்தனை தட்டு, எத்தனை டம்ளர்?’ ‘துவைத்த துணியில் உன்னுடையதைத் தனியாகப் பிரி.’ பெற்றோருக்குச் செய்ய ஏதோ இருக்கிறது என்ற நிம்மதி. பிள்ளைக்குக் கணக்கும் மொழியும்.

வயது பற்றியும் கேட்பார்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது புதுக் கொள்கையின் கணக்கு. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022 சேர்க்கையிலேயே ஆறாக்கிவிட்டன. ‘ஒரு வருஷம் வீணா?’ என்று கேட்பவரிடம் சண்டை போடாதீர்கள். இந்த வருஷம் என்னென்ன நடக்கும் என்று மாதவாரியாகக் காட்டுங்கள், போதும்.

கடைசியாக ஃபைல். நோட்டு போனபின் டீச்சர் கையில் வர வேண்டியது பிள்ளைக்கு ஒன்றாக ஒரு உறை. அதில் மாதத்துக்கு இரண்டு வேலை: ஒரு ஓவியம், ஒரு கிறுக்கல், ஒட்டியது, கட்டியதன் போட்டோ. தேதி கட்டாயம். கூடவே கவனிப்புக் குறிப்பு. முப்பது பிள்ளைக்கும் தினமும் எழுதச் சொன்னால் எந்த டீச்சரும் பொய் எழுதத்தான் செய்வார். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளை என்று முன்பே பெயர் குறித்து வைத்துக்கொண்டால், பத்துப் பள்ளி நாளில் வகுப்பு ஒரு சுற்று முடிந்துவிடும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பயிற்சி தேவை. ‘நன்றாக விளையாடினாள், சுறுசுறுப்பானவள்’ என்று எழுதினால் அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும், யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. எனக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு டீச்சர் யு.கே.ஜி. பிள்ளை பற்றி எழுதியதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்: ‘பதினொரு புளியங்கொட்டை. மூன்று பேர். உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு என்று சுற்றிப் பங்கு போட்டாள். ஆளுக்கு மூன்று வந்தது, இரண்டு மிச்சம். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டு, இப்ப சரி என்றாள்.’ ஐந்து வரி. சமமாகப் பங்கிடத் தெரிகிறது, ஒன்றுக்கொன்று பொருத்தத் தெரிகிறது, மீதி என்ற பிரச்சினை அவளுக்குப் புரிந்துவிட்டது, அதை அவளே தீர்த்தும்விட்டாள். அதே பிள்ளை அந்த மாதம் நோட்டில் 6-ஐத் திருப்பிப் போட்டதற்காக ‘இம்ப்ரூவ்’ வாங்கியிருந்தாள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்களிடம் இப்படிப்பட்ட பத்துக் குறிப்பும், தேதி போட்ட பத்து உறையும் காட்டுங்கள். 13 இலக்குகளில் எந்தக் குறிப்பு எதற்கு என்று ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு வைத்தால் அவர்கள் படிவத்தை நிரப்பவும் வசதி. வருபவர் பழைய ஆளாக இருந்து "காப்பி நோட்டு எங்கே?" என்று கேட்டால், சட்டகத்தில் பாடப்புத்தகம், தேர்வு பற்றிய பக்கங்களில் ஒரு சீட்டு வைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.